ஃப்ரேம்வொர்க் தெரிந்தால் போதாதா, அடிப்படை எதற்கு? – ஒரு மெதுவான லூப்பை முன்வைத்து

#1 நிரல்விதை

வணக்கம். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் எழுதுகிறேன், கணினி அறிவியல் படித்தவன் இல்லை. என்னிடம் இரண்டு கோப்புகள். ஒவ்வொன்றிலும் சுமார் 1 லட்சம் வரி, வரிக்கு ஒரு தமிழ்ப் பெயர். முதல் கோப்பில் இருந்து, இரண்டாவதில் இல்லாத பெயர்களை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டையும் லிஸ்ட்டில் ஏற்றி, முதல் லிஸ்ட்டில் லூப் ஓட்டி, ஒவ்வொரு பெயரும் இரண்டாவதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கோடு (நிரல்) ஏஐ கருவி கொடுத்தது. 500 வரிக்குச் சட்டென்று முடிகிறது. முழுக் கோப்புக்கு நிமிடக் கணக்கில் தொங்குகிறது.

கேட்டால் “முதலில் அடிப்படையைப் படி” என்கிறார்கள். எதை, எவ்வளவு ஆழத்துக்கு? உண்மையிலேயே தேவையா, இல்லை சடங்கா?

#2 ஹேஷ்மூட்டை

கோட்டைப் பார்க்காமலே கணக்குப் போடலாம். லிஸ்ட்டில் “இருக்கிறதா” என்று கேட்டால் பைத்தான் முதல் உறுப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். இல்லாத பெயர் என்றால் கடைசிவரை போய்த்தான் “இல்லை” என்று சொல்லும். 500 × 500 என்றால் 2.5 லட்சம் ஒப்பீடு, கண்ணிமைக்கும் நேரம். 1 லட்சம் × 1 லட்சம் என்றால் மோசமான நிலையில் 1000 கோடி. வரி 200 மடங்கு கூடியது, வேலை 40,000 மடங்கு கூடியது. “என் ஸ்கொயர்” (n × n) என்று சொல்வது இதைத்தான்.

தீர்வு: இரண்டாவது கோப்பை மட்டும் செட் ஆக்குங்கள். முதலாவது லிஸ்ட்டாகவே இருக்கட்டும். அதையும் செட் ஆக்கினால் வரிசையும் போகும், இரட்டைப் பதிவுகளும் காணாமல் போகும். செட்டில் தேடும்போது பெயரின் ஹேஷ் எண்ணை (பெயரிலிருந்தே கிடைக்கும் ஒரு எண், எங்கே தேட வேண்டும் என்று காட்டும்) கணக்கிட்டு நேராக அந்த இடத்துக்கே போய்விடும். மொத்தம் ஒரு லட்சம் தேடல், ஒரு நொடிகூட ஆகாது.

இலவசம் என்று நினைக்க வேண்டாம். 64 பிட் பைத்தானில் 1 லட்சம் உறுப்புள்ள லிஸ்ட் சுமார் 0.8 எம்பி, அதே உறுப்புகளுக்கான செட் சுமார் 4 எம்பி (சரங்கள், அதாவது பெயர்களின் எழுத்துத் தொடர்கள், பிடிக்கும் இடம் இரண்டிலும் சேர்க்கவில்லை). மெமரியைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

#3 கடைசித்தேதி

பார்த்தீங்களா, “செட் போடு” என்று ஒரு வரியில முடிஞ்சது. இதுக்கு ஆறு மாசம் அல்காரிதம் படிக்கணுமா? தேவைப்படும்போது தேடிக்கலாம். சிவப்பு-கருப்பு மரத்தை (தரவை வரிசையா வைக்கிற ஒரு அமைப்பு) கையால் எழுதத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் அதை வேலையில் எழுதுறாங்க? லைப்ரரி இருக்கு, டேட்டாபேஸ் இருக்கு, இப்போ ஏஐயும் இருக்கு.

#4 ஹேஷ்மூட்டை

> தேவைப்படும்போது தேடிக்கலாம்

எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? “பைத்தான் மெதுவாக ஓடுகிறது” என்று தேடினால் மல்டிப்ராசஸிங் (வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவது) போடு, வேறு மொழிக்கு மாறு, பெரிய சர்வர் எடு என்று வரும். எட்டு கோரில் பிரித்து ஓட்டினாலும் 1000 கோடி ஒப்பீடு எட்டில் ஒரு பங்காகத்தான் குறையும். அடுத்த மாதம் கோப்பு மூன்று மடங்கானால் வேலை ஒன்பது மடங்காகி அந்த லாபத்தையும் விழுங்கிவிடும். பிரச்சினை தேடும் முறையில் இருக்கிறது என்று முதலில் சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகத்தைத்தான் அடிப்படை என்கிறேன். சிவப்பு-கருப்பு மரத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஏஐ கருவியும் அப்படியே. அது கொடுத்த கோட்டில் தவறில்லை, கேட்டதைச் சரியாகச் செய்கிறது. “இரண்டிலும் லட்சம் வரி இருக்கும்” என்று கேள்வியில் சேர்த்திருந்தால் செட்டையே கொடுத்திருக்கும். எண்ணிக்கை முக்கியம் என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டுமே.

#5 அரைப்புள்ளி

அடிப்படை என்றதும் எல்லாரும் அல்காரிதத்துக்கே ஓடுகிறார்கள். வேலையில் அதைவிட அதிகம் கடிப்பது, மதிப்புகள் மெமரியில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான்.

0.1-ஐப் பத்து முறை லூப்பில் கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். பத்தில் ஒன்றை கணினியின் இரும எண்முறையில் (0, 1 மட்டும்) முடிவாக எழுத முடியாது, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத முடியாதது மாதிரி. 53 பிட்டுக்கு ரவுண்டு செய்துவிடுகிறார்கள். (பைத்தான் 3.12 முதல் ‘சம்’ ஃபங்ஷன் பிழையை ஈடுகட்டிக் கூட்டுவதால் 1.0 என்றே வரும். லூப்பில் கூட்டினால் பழைய கதைதான். ஒரே கணக்கு, இரண்டு விடை. டெஸ்ட் எழுதும்போது கவனம்.)

பணக் கணக்கில் இது நேராக அடிக்கும். 1.005-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்தால் பைத்தான் 1.0 தரும், ஏனென்றால் உள்ளே இருப்பது 1.005-ஐவிடக் கொஞ்சூண்டு குறைவான எண். அதோடு 2.5-ஐ ரவுண்டு செய்தால் 2 வரும், 3 அல்ல. சரிபாதியில் இரட்டைப்படை எண் பக்கம் சாயும் விதி. பணத்தை மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசமத்திலேயே கணக்கிடும் டெசிமல் டைப் எடுங்கள். டெசிமலை ஃப்ளோட்டிலிருந்து (மேலே சொன்ன 53 பிட் எண்) உருவாக்காதீர்கள், சரத்திலிருந்து உருவாக்குங்கள். இல்லையென்றால் பிழையும் சேர்ந்தே உள்ளே வரும்.

சின்னப் பிழைதானே என்பவர்களுக்கு: 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு எதிரி ஏவுகணையைத் தவறவிட்டது, 28 வீரர்கள் இறந்தார்கள். கடிகாரம் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. அந்த 0.1-ஐ 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சுமார் 0.000000095 நொடி பிசகு. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில், 36 லட்சம் எண்ணிக்கையில், அது 0.34 நொடியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

#6 எட்டுபிட்

முழு எண்ணும் அப்படியொன்றும் பத்திரம் இல்லை. பைனரி தேடலில் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) நடு இடத்தைக் கண்டுபிடிக்க “கீழ் எல்லை + மேல் எல்லை, அதை இரண்டால் வகு” என்று எல்லாரும் எழுதுவோம். 32 பிட் எண்ணில் அந்தக் கூட்டல் 2,147,483,647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல வருடம் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதைப் பற்றி எழுதினார். சரியான வடிவம்: கீழ் + (மேல் − கீழ்) ÷ 2.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு எல்லை வேறு இடத்தில். எண்கள் எல்லாம் ஃப்ளோட் என்பதால் 9,007,199,254,740,992-க்கு மேல் முழு எண்கள் விட்டுப்போகும். சர்வர் 64 பிட் ஐடியை ஜேசனில் (தரவு அனுப்பும் உரை வடிவம்) எண்ணாக அனுப்பினால் பிரவுசரில் கடைசி இலக்கங்கள் மாறி, வேறு யாருடைய பதிவோ திறக்கும். எர்ரர் எதுவும் வராது. ஐடியைச் சரமாக அனுப்புங்கள்.

#7 ஆய்தம்

தமிழ் கையாளுகிறவர்கள் எழுத்துக் குறியாக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. “நிரல்” என்ற சொல்லையே எடுப்போம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரநிலை) ஐந்து குறி: ந, ி, ர, ல, புள்ளி. அதைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். நீளம் கேட்டால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்று சொல்லும், ஸ்விஃப்ட் 3 என்று சொல்லும். எதுவும் தப்பில்லை, எண்ணும் பொருள் வேறு.

இதைத் திருப்பிப் போடச் சொன்னால் “்லரிந” என்று வரும். புள்ளி ஆதரவில்லாமல் முன்னால் நிற்கிறது. ‘நி’யின் கொக்கி ‘ர’மேல் போய் ஒட்டிக்கொண்டது. 10 பைட்டில் வெட்டினால் நாலாவது குறியின் முதல் பைட் மட்டும் மிஞ்சி, வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். “பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டு” என்று வடிவமைப்பாளர் கேட்பார். முதல் குறியை மட்டும் எடுத்தால் “நிலா” “ந” ஆகிவிடும். எழுத்துக் கொத்து வாரியாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter இருக்கிறது. அதுவும் ‘க்ஷ’வை இரண்டாகத்தான் பிரிக்கும், அதை நாமே கவனித்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட நயவஞ்சகமானது ‘கொ’. ‘க’வுக்குப் பின் ஒற்றைக் குறியாக ‘ொ’ வரலாம், அல்லது ‘ெ’யும் ‘ா’வும் தனித்தனியாக வரலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிட்டால் சமம் இல்லை. தேடினால் கிடைக்காது. டேட்டாபேஸில் “இரட்டைப் பதிவு கூடாது” என்ற விதியையும் பல அமைப்புகளில் தாண்டிப் போய்விடும். உள்ளே வரும் எல்லாச் சரத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

நீள எல்லைகள் போகிற போக்கில்: ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் 160 எழுத்து, தமிழ் 70 குறி. கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்க உதவும் பிகிரிப்ட் (bcrypt) அதில் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது, அதாவது தமிழில் 24 குறி.

#8 வெற்றுச்சரம்

24 குறி தகவலுக்கு நன்றி ஆய்தம். இன்றைக்கே ஒரு டெஸ்ட் சேர்க்க வேண்டும்.

#9 கடைசித்தேதி

தமிழ் விஷயம் ஒப்புக்கிறேன், அது தெரிஞ்சே ஆகணும். ஆனா பெரும்பாலான வேலை படிவம், பட்டியல், ரிப்போர்ட். ஓஆர்எம் (டேட்டாபேஸ் கேள்விகளை நமக்காக எழுதித்தரும் லைப்ரரி) இருக்கு, டேட்டாபேஸ் அதுவே பார்த்துக்கும். அங்கே என்ன அடிப்படை?

#10 வரிசைக்குறி

டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும், நாம் அதைப் பார்க்கவிட்டால். 100 ஆர்டரைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரை ஓஆர்எம் வழியாக லூப்புக்குள் தொட்டால், ஒரு க்வெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) பதில் 101 போகும். உங்கள் கணினியில் டேட்டாபேஸ் அதே பெட்டியில் இருப்பதால் க்வெரிக்கு 0.1 மில்லிநொடி, மொத்தம் 10 மில்லிநொடி, யாருக்கும் தெரியாது. உண்மையான சர்வரில் நடுவே நெட்வொர்க் இருக்கிறது, போய்வர 2 மில்லிநொடி என்றால் பக்கத்துக்கு 200 மில்லிநொடி கூடுகிறது. கோடு மாறவில்லை, தூரம் மாறியது. க்வெரி லாகை ஆன் செய்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து எத்தனை வரி ஓடுகிறது என்று எண்ணுங்கள், பார்த்த உடனே பிடிபடும்.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்க டேட்டாபேஸ் வைக்கும் அட்டவணை) போட்டும் வேகம் வரவில்லை என்ற புலம்பல் அடுத்தது. பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி, முதல் எழுத்திலிருந்து அடுக்கியது. “…அன் என்று முடியும் சொல்” வேண்டும் என்றால் அகராதி உதவாது, முழுவதும் புரட்ட வேண்டும். அதனால்தான் லைக் தேடலில் சதவீதக் குறி (‘எதுவும் வரலாம்’ என்று பொருள்) முன்னால் வந்தால் இண்டெக்ஸ் வீண். மின்னஞ்சல் நெடுவரிசையைச் சிறிய எழுத்தாக்கும் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டாலும் வீண்: இண்டெக்ஸில் இருப்பது பழைய மதிப்பு, கேட்பது மாற்றிய மதிப்பு. ஃபங்ஷனோடு சேர்த்தே இண்டெக்ஸ் உருவாக்க வேண்டும். ஊர், தேதி என்ற வரிசையில் கூட்டு இண்டெக்ஸ் வைத்துவிட்டுத் தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் பயன் கிடைக்காது. மூன்றுக்கும் காரணம் அந்த ஒரே அகராதிதான்.

சரியாகப் பிடித்தால் எவ்வளவு லாபம்? இண்டெக்ஸின் ஒரு பக்கத்தில் சில நூறு சாவிகள் (தேடும் மதிப்புகள்) அடங்கும். 300 என்று வைத்தால் மூன்று படியில் 2.7 கோடி வரிசைகளில் ஒன்றைத் தொட்டுவிடலாம்.

க்வெரியை டேட்டாபேஸ் எப்படி ஓட்டப்போகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 20 வரிசை உள்ள டேபிளில் போட்டுவிட்டு “இண்டெக்ஸைத் தொடவே இல்லையே” என்று பதறாதீர்கள். அவ்வளவு சின்ன டேபிளை முழுசாகப் படிப்பதே மலிவு என்று பிளானருக்கு (வழியைத் தேர்ந்தெடுக்கும் டேட்டாபேஸ் பகுதி) தெரியும். உண்மை அளவில் தரவை நிரப்பிச் சோதியுங்கள்.

#11 எட்டுபிட்

ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொடும்போது என்ன ஆகும் என்பதையும் சேர்க்கணும். ஒரு எண்ணை ஒன்று கூட்டுவது மூன்று வேலை: படி, கூட்டு, எழுது. இருவரும் 5 என்று படித்து, இருவரும் 6 என்று எழுதினால் ஒரு கூட்டல் தொலைந்தது. கையிருப்பைப் படித்துப் பார்த்து, குறைத்து, திருப்பி எழுதும் கோடு எல்லாம் இதே நோய்தான். “கையிருப்பு பூஜ்யத்தைவிட அதிகம் என்றால் ஒன்று குறை” என்று ஒரே அப்டேட் வாக்கியத்தில் கேட்டுவிட்டு, எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். 0 என்றால் தீர்ந்துவிட்டது.

பைத்தானில் இரண்டு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) வைத்துச் சோதித்துவிட்டு “சரியாகத்தானே வருது” என்று நம்பாதீங்க. 3.10 முதல் த்ரெட் மாறும் இடங்கள் குறைந்துவிட்டதால் இந்த எளிய சோதனையில் பிழை பெரும்பாலும் தலைகாட்டாது. அது அதிர்ஷ்டம், உத்தரவாதம் அல்ல. அதே சோதனையை ஜாவாவில் ஓட்டினால் உடனே எண் குறையும். இரண்டு சர்வர் ப்ராசஸ், ஒரு டேட்டாபேஸ் என்றால் எந்த மொழியானாலும் கதை ஒன்றுதான்.

#12 நிரல்விதை

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் படிக்க ஒரு வழி சொல்லுங்களேன். பாடப் பட்டியல் வேண்டாம், கையால் செய்து பார்க்கும்படி.

#13 அரைப்புள்ளி

எதைச் செய்தாலும் ஓட்டுவதற்கு முன் விடையை ஊகித்துத் தாளில் எழுதுங்கள். எத்தனை நொடி, எத்தனை பைட், எத்தனை க்வெரி. பிறகு அளந்து பாருங்கள். ஊகம் பத்து மடங்கு தவறினால் அங்கேதான் படிக்க வேண்டியது இருக்கிறது. 1,000, 10,000, 1,00,000 என்று மூன்று அளவில் ஓட்டுங்கள். ஒரே அளவில் எடுத்த நேரம் எதையும் சொல்லாது.

வேலை மொழி எதுவானாலும் சில வாரம் சி எழுதிப் பாருங்கள். சியில் வேலை தேட அல்ல, மொழி மறைத்து வைப்பதைப் பார்க்க. முதல் பயிற்சி, தானாக வளரும் அரே (அடுத்தடுத்த இடங்களில் மதிப்புகளை வைக்கும் பட்டியல்). இடம் தீர்ந்ததும் பெரிய இடம் வாங்கி, பழையதை நகலெடுத்து, பழைய இடத்தை விடுவிக்கணும். ஒவ்வொரு முறையும் 10 இடம் கூட்டிப் பாருங்கள், அப்புறம் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். 10 லட்சம் உறுப்புக்கு முதல் வழியில் சுமார் 5000 கோடி நகல். ஒன்றில் தொடங்கி இரட்டித்தால் 10,48,575 மட்டும். ஒரு எச்சரிக்கை: இடத்தை மாற்றித் தரும் ரீஅலாக் ஃபங்ஷன் போட்டால் இருந்த இடத்திலேயே நீட்டித்துக் கொடுத்து இந்த வித்தியாசத்தை மறைத்துவிடலாம். மாலாக்கும் (புது இடம் வாங்க) மெம்காப்பியும் (நகலெடுக்க) வைத்துச் செய்தால்தான் தெரியும்.

இரண்டாவது, அதே அரேவின் மேல் ஒரு ஹேஷ் டேபிள். 150 வரிக்குள் முடியும். மோதல் (இரண்டு மதிப்புக்கு ஒரே இடம்) வந்தால் என்ன, முக்கால்வாசி நிறைந்தால் என்ன என்று நீங்களே முடிவெடுக்கும்போது செட்டுக்கு ஏன் 4 எம்பி ஆகிறது என்று புரிந்துவிடும். கம்பைலரில் அட்ரஸ் சானிட்டைசரை (மெமரிப் பிழை பிடிக்கும் வசதி) ஆன் செய்யாமல் தொடங்காதீர்கள். எல்லைக்கு வெளியே எழுதிய கோடு பல நாள் சரியாக ஓடுவது மாதிரி நடிக்கும். சானிட்டைசர் முதல் ஓட்டத்திலேயே வரி எண்ணோடு நிறுத்தும்.

#14 கடைசித்தேதி

இந்த மாதிரிப் பயிற்சி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் எதிர்ப்பது நேர்காணலுக்காக முந்நூறு புதிர் மனப்பாடம் செய்வதை. அதைச் செய்தவங்க எழுதின கோட்டிலும் 101 க்வெரி ஓடுது.

#15 நிரல்விதை

செட் போட்டேன். அரை நொடிகூட ஆகவில்லை. ஆனால் முதல் கோப்பின் 1 லட்சம் பெயருமே “இல்லை” என்று வருகிறது! முதல் கோப்பை முழுதாகப் படித்து, வரிவரியாகப் பிரிக்க ஸ்ப்ளிட்லைன்ஸ் போடுகிறேன். இரண்டாவதற்குத் திறந்த கோப்பையே நேராகச் செட்டுக்குக் கொடுத்தேன்.

#16 கடைசித்தேதி

அங்கேதான். கோப்பை நேராகக் கொடுத்தா ஒவ்வொரு வரியும் வரிமுடிவுக் குறியோடவே வரும். ஸ்ப்ளிட்லைன்ஸ் அதை வெட்டிடும். ஒரு பக்கம் “நிலா”, இன்னொரு பக்கம் “நிலா + வரிமுடிவு”. பிரிண்ட் பண்ணா தெரியாது, மறைந்த குறியையும் காட்டும் ரெப்ர் போட்டுப் பாருங்க. இரண்டுக்கும், ஓர வெற்றிடத்தை வெட்டும் ஸ்ட்ரிப் போடுங்க.

முதல் வரி மட்டும் பொருந்தலைன்னா கோப்பின் தலையில் பிஓஎம் (கண்ணுக்குத் தெரியாத தொடக்கக் குறி) இருக்கு. என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்க.

#17 ஆய்தம்

ஸ்ட்ரிப் போட்டாலும் அகலமில்லாத இணைப்பு, பிரிப்புக் குறிகள் போகாது. அவை வெற்றிடக் கணக்கில் இல்லை. தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் சில அவற்றை விட்டுவிட்டுப் போகும். தனியாக நீக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் என்எஃப்சி.

#18 நிரல்விதை

எல்லாம் செய்தாயிற்று, 99 விழுக்காட்டுக்கு மேல் பொருந்திவிட்டது. மிச்சத்தில் விசித்திரமாக ஒரு கும்பல்: கௌதமன், சௌந்தர்யா, மௌனிகா. இரண்டு கோப்பிலும் இருக்கின்றன, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன, என்எஃப்சிக்குப் பிறகும் பொருந்தவில்லை.

#19 ஆய்தம்

ஒரு கோப்பில் ‘கௌ’, இன்னொன்றில் ‘கெ’யும் ‘ள’வும். ஔகாரக் குறியின் வால் பார்ப்பதற்கு ‘ள’ போலவே இருப்பதால் பலர் ‘ள’வைத் தட்டிவிடுகிறார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு எழுத்து, அதனால் என்எஃப்சி தொடாது. தொடவும் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு எல்லா ‘ெள’வையும் ‘ௌ’ ஆக்கிவிடாதீர்கள், “வெள்ளையன்” நாசமாகிவிடுவான். ‘ள’வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ‘ள’, விட்டுவிடுங்கள். மற்றவற்றை மாற்றுவதற்கு முன் பட்டியலாக அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள். பேச்சு வழக்கில் “வெளங்கு” என்று எழுதியிருந்தால் இந்த விதியும் ஏமாறும். மாற்றிய பெயரை ஒப்பிடுவதற்குத் தனி நெடுவரிசையில் வையுங்கள், மூலப் பெயரை அப்படியே விட்டுவையுங்கள்.